தண்ணி குடிக்காத அக்காவும் 'ஊழியர் நலன்' மீட்டிங்கும் (நீளமான இழை)

போன மாசம் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. பெங்களூருல இருந்து ஒரு ஐடி கம்பெனிக்காரங்க ரெண்டு நாள் டீம் அவுட்டிங் வந்திருந்தாங்க. தலைப்பு: 'பணியிடத்தில் ஊழியர் நலனை ஒரு கலாச்சாரமாக வளர்ப்பது எப்படி?' தூக்கம், நடைப்பயிற்சி, சர்க்கரை, மன அழுத்தம்னு 40 நிமிஷம் பேசினேன். நல்லா கை தட்டினாங்க. ஒரு மரக்கன்று குடுத்தாங்க.

டீ பிரேக்ல, ஹாலைப் பெருக்கிட்டிருந்த ஒரு அக்கா ஓரமா வந்து நின்னாங்க. மஞ்சக்குட்டைக்காரங்க. என் ஓபிக்கு வர்றவங்கதான்.

"சார், மறுபடி அந்த எரிச்சல் வந்துடுச்சு. போன தடவை எழுதின அதே மாத்திரைய கடையில வாங்கிக்கட்டுமா?"

ஒரு வருஷத்துல மூணாவது சிறுநீர்த் தொற்று. சர்க்கரை பார்த்தாச்சு, இல்லை. எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டேன். "காலைல கெளம்பறப்போ ஒரு சொம்பு. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் சார்."

ஏன்னா, அங்க இருக்கற எல்லா அறையோட பாத்ரூமையும் கழுவறது அவங்கதான். ஆனா அவங்க போறதுக்கு அதுல ஒண்ணுகூட கிடையாது. கெஸ்ட் பாத்ரூமுக்குப் போனா திட்டு. ஸ்டாஃபுக்குன்னு ஒண்ணு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கு. தாழ்ப்பாள் இல்லை, தண்ணியும் வர்றதில்லை. அதனால அந்த அக்கா தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்காங்க: தண்ணியே குடிக்கறதில்லை.

நான் பேசின 40 நிமிஷத்துல 'கழிப்பறை'ங்கற வார்த்தை ஒரு தடவைகூட வரலை. அந்த வெட்கத்துலதான் இதை எழுதறேன்.

முதல்ல மருத்துவம். பெண்களுக்கு சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கு அதைப்போல நாலஞ்சு மடங்கு நீளம். அதனால கிருமி பெண்களோட சிறுநீர்ப்பைக்குச் சுலபமா ஏறிடும். அதை அடிச்சு வெளிய தள்றதே நாம போற சிறுநீர்தான். தண்ணி குடிக்காம, வர்றதையும் மணிக்கணக்கா அடக்கி வெச்சா, உள்ள வந்த கிருமி அங்கயே தங்கிப் பெருகும். எரிச்சலோட நிக்காம மேல ஏறினா சிறுநீரகத்துல தொற்று. அதுல குளிர் காய்ச்சல், முதுகு வலி, வாந்தி எல்லாம் வரும். கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டு போய் விடலாம். தண்ணி குடிக்காம இருந்தா சிறுநீரகக் கல்லு வர்ற வாய்ப்பும் கூடும்.

இதுல மலைக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். குளிர்ல தாகம் எடுக்காது, ஆனா சிறுநீர் அடிக்கடி வரும். சேலத்துல வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு உடம்பாவது தண்ணி கேக்கும். இங்க அதுவும் கேக்காது.

ரிசார்ட்டை விடுங்க. இந்த மலையோட பெரிய பணியிடம் காப்பித் தோட்டம். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்த பயிர்ன்னு சொல்வாங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கிற சீசன். கிலோ கணக்குல கூலி குடுக்கற இடத்துல, நீங்க ஒதுங்கிப் போற ஒவ்வொரு நிமிஷமும் கூடையில குறையும். சரிவுல ஏறி இறங்கணும், பக்கத்து வரிசையில ஆம்பளைங்க, மழைன்னா அட்டை. யாருதான் போவாங்க? நான் ஓபியில பார்க்கற எரிச்சல் கேஸ்ல பாதிக்கு மாத்திரை தேவை. மீதி பாதிக்கு நாலு சுவரும் ஒரு கதவும்தான் தேவை.

இதுக்கெல்லாம் சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. எனக்கும் முந்தி, எங்கப்பாவுக்கும் முந்தி. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 5 ஹெக்டேருக்கு மேல, 15 பேருக்கு மேல வேலை செய்யற தோட்டம்னா குடிதண்ணி, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை, மருத்துவ வசதி எல்லாம் முதலாளி தரணும். 50 பெண்கள் வேலை செஞ்சா குழந்தைகளைப் பார்த்துக்க ஒரு இடம். மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி வரைக்கும் அதுல பேசியிருக்காங்க. இப்போ அது 2020ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கும் வந்தாச்சு. பேரு மாறுது. காட்டுக்குள்ள கதவு வந்துச்சான்னுதான் கேள்வி.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு, 2024ல தொழிலாளரைத் தேடி மருத்துவம். வேலை செய்யற இடத்துக்கே போய் பிபி, சர்க்கரை பார்க்கறது நிஜமாவே நல்ல விஷயம், நானே அதுல வேலை செஞ்சிருக்கேன். ஆனா இல்லாத கழிப்பறையை எந்த ஸ்ட்ரிப்லயும் டெஸ்ட் பண்ண முடியாது.

இந்த விஷயத்தைச் சரியாப் பிடிச்சது டாக்டருங்க இல்லை, ஒரு தையல்காரம்மா. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைகள்ல வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவங்களும் தண்ணி குடிக்கறதை நிறுத்தியிருந்தாங்க. பி. விஜிங்கற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, முதல்ல போராடினது கழிப்பறைக்குத்தான். அப்புறம் உட்கார்றதுக்கு. ஆமா, ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கிற பெண்கள் கஸ்டமர் இல்லாதப்போ உட்காரலாம்னு சொல்றதுக்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. 2018ல கேரளா சட்டத்தைத் திருத்துச்சு. 2021ல தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல அதே மாதிரி கொண்டு வந்துச்சு. அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்போ கவுன்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கான்னு எட்டிப் பாருங்க. ஸ்டூல் இருந்தா, அதுல யாராவது உட்கார்ந்திருக்காங்களான்னும் பாருங்க.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். வசதி இருக்கறது வேற, அதைப் பயன்படுத்தத் தைரியம் இருக்கறது வேற. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ வார்டுல கழிப்பறை இருந்தது. 24 மணி நேர டூட்டியில எட்டு மணி நேரம் அடக்கிட்டு நின்னிருக்கேன். "எங்க போனே?"ன்னு சீனியர் கேட்டா என்ன சொல்றதுங்கற பயம். நாங்க பெரிய டாக்டருங்க, நோயாளிக்கு அட்வைஸ் பண்றவங்க!

அன்னைக்கு ஐடி பையன் ஒருத்தன் கேட்டதும் இதேதான். "ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் மெசேஜ் பண்றாரு. காலைல அவரே மெடிட்டேஷன் செஷனும் வைக்கிறாரு. நான் எதை சார் ஃபாலோ பண்றது?" எல்லாரும் சிரிச்சாங்க, மேனேஜரும்தான். ஆனா இது சிரிக்கிற விஷயமில்லை. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யறவங்களுக்கு, 35-40 மணி நேரக்காரங்களை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல சொல்லியிருக்காங்க. பதினோரு மணி மெசேஜை நிறுத்தறதுக்கு மெடிட்டேஷன் ஆப் வேணாம். மேனேஜர் போனைக் கீழ வெச்சாப் போதும்.

முதலாளி தரப்பையும் கேட்டிருக்கேன். "எக்கர் கணக்குல சரிவு சார், எங்கன்னு கட்டறது? ஆளே கிடைக்கல, விலையும் ஏறி இறங்குது." பாதி நியாயம். சின்னத் தோட்டக்காரங்களுக்கு நிஜமாவே கஷ்டம். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லா இடத்துலயும் கட்டலை. பழம் எடை போடற இடத்துல ரெண்டு கட்டினாரு, பக்கத்துல ஒரு தண்ணி டிரம். அதைவிட முக்கியமா மேஸ்திரிகிட்ட ஒண்ணு சொன்னாரு: பத்தரை மணிக்கு எல்லாரும் கூடையை இறக்கணும், பத்து நிமிஷம், கூலி பிடிக்கக் கூடாது. எல்லாரும் போறதால யாரும் தனியாக் கேட்டு நிக்க வேண்டியதில்லை. அதுதான் வேலை செஞ்சது. எண்ணிக்கை வெச்சு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஆனா அந்தத் தோட்டத்துல இருந்து ஓபிக்கு வர்ற அம்மாக்கள் கையில இப்போ தண்ணி பாட்டில் இருக்கு.

படிக்கறவங்கள்ல எரிச்சல் இருக்கறவங்களுக்கு: பழைய சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை வாங்காதீங்க. அடிக்கடி வந்தா யூரின் கல்ச்சர் பார்க்கணும். ஆரம்பிச்ச மாத்திரையைச் சொன்ன நாள் வரை முடிங்க. காய்ச்சல், குளிர், முதுகு வலி இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. மலைக்கு டூர் வர்றவங்களுக்கு: ரிசார்ட் ரிவ்யூல வியூ பத்தி எழுதறீங்க, காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட் பத்தி எழுதறீங்க. வேலை செய்யறவங்களுக்குப் பாத்ரூம் எங்கன்னு ஒரு தடவை ரிசப்ஷன்ல கேளுங்க. டாக்டர் கேட்டா தலையாட்டுவாங்க, கஸ்டமர் கேட்டா செய்வாங்க.

அன்னைக்கே ரிசார்ட் மேனேஜர்கிட்ட பேசினேன். நல்ல மனுஷன்தான், உடனே பண்ணிடறேன் சார்னாரு. போன வாரம் அக்கா கல்ச்சர் ரிசல்ட் வாங்க வந்திருந்தாங்க. கேட்டேன்.

தாழ்ப்பாள் போட்டாச்சாம். தண்ணி இன்னும் வரலையாம்.