யதீம்களின் வீட்டில் தள்ளுபடி கேட்கும் சகோதரத்துவம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சில வாரங்களுக்கு முன், நம் மதரஸாவில் ஓதும் இரு சிறுவர்களின் தாயார் மார்க்கச் சட்டம் கேட்டு நம்மிடம் வந்தார். கணவர் வஃபாத்தாகி ஓராண்டு கடந்துவிட்டது. இரண்டு ஆண், ஒரு பெண் என மூன்று பிள்ளைகள்; மூவரும் சிறார்கள். கணவரின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர்; கடனேதும் இல்லை. கணவர் விட்டுச் சென்ற வீட்டை விற்று, தம் தாய்வீடு இருக்கும் ஊரில் சிறியதாக ஒரு வீடு வாங்கிக் குடியேற எண்ணியிருக்கிறார். அத்தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களை வைத்துப் பார்த்தால் வீடு 60 லட்சம் பெறும். வசதி படைத்த அடுத்த வீட்டுக்காரர் அதை 42 லட்சத்துக்குக் கேட்டிருக்கிறார்.

தாயார் தயங்கவே, மஹல்லாப் பெரியவர்கள் சிலர் வந்து மூன்று காரணங்களை அடுக்கிச் சென்றிருக்கின்றனர். அண்டை வீட்டாருக்கே முதல் உரிமை. ஒருவர் விலை பேசும்போது இன்னொருவரிடம் பேசுவது கூடாது. கிடைத்ததைப் பொருந்திக்கொள்வதே தவக்குல். அச்சகோதரி நம்மிடம் கேட்டது ஒன்றே: "ஹஜ்ரத், நம்ம ஆளு கேட்ட விலைக்கு மாட்டேன்னு சொன்னா எனக்குப் பாவமா?"

பாவமில்லை என்று அவருக்குச் சொல்லி அனுப்பினோம். அக்கேள்வியைக் கேட்கும் நிலைக்கு அவரைத் தள்ளியவர்களுக்குச் சொல்ல வேண்டியது மீதமிருக்கிறது.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். குறைந்த விலைக்குக் கேட்பது தன்னளவில் குற்றமன்று. ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்கள் விலைக்குக் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பில் அந்த விலை ஒரு திர்ஹமிலிருந்து தொடங்குகிறது. ஜாபிர் அதை மறுத்தார். அவ்விலைக்குக் கொடுத்தால் தமக்கு நட்டமாகும் என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு திர்ஹம் என்றபோதும் மறுத்தார். விலை படிப்படியாக உயர்ந்து ஓர் ஊக்கியாவில் முடிந்தது. பின்னர் மதீனாவில் நபியவர்கள் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பித் தந்தார்கள். கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். மறுத்தவர் அவர்களின் தோழர். அம்மறுப்பை எவரும் மரியாதைக் குறைவாகக் கருதவில்லை. நபிக்கே மறுக்கலாம் என்றிருக்க, அடுத்த வீட்டுக்காரருக்கு மறுப்பது எப்படிப் பாவமாகும்?

இனி அந்த மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

அண்டை வீட்டாரின் உரிமைக்கு அபூ ராஃபிஉ (ரலி) அவர்களின் செய்தியை ஆதாரமாகக் காட்டுகின்றனர். புகாரியில் உள்ள செய்திதான் அது. தமக்கு 500 தீனார் தருவதாகப் பிறர் கேட்டிருந்தும், அண்டை வீட்டாரான ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு, அதுவும் தவணையில், நான்காயிரத்துக்கு அவர் தம் வீடுகளைக் கொடுத்தார். ஒரு தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கொண்டாலும் ஆயிரம் திர்ஹத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தம் சொந்தப் பொருளை, தாமே மனமுவந்து. ஊர்ப் பெரியவர்கள் அவர் வாசலில் வந்து அமர்ந்து அதைப் பெற்றுத் தரவில்லை. இஹ்ஸான் என்பது கொடுப்பவர் கையிலிருந்து வர வேண்டியது. வாங்குபவர் அதைக் கேட்டுப் பெறும்போது அதற்கு வேறு பெயர்.

ஷுஃப்ஆ எனும் முன்னுரிமைச் சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்காது. ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கு அவ்வுரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் சொத்தின் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உண்டு. எந்த மத்ஹபிலும் அவ்வுரிமையைக் கோருபவர் வெளியார் கொடுத்த அதே விலையைக் கொடுத்தாக வேண்டும். அது முந்திக்கொள்ளும் உரிமை. தள்ளுபடி உரிமை அன்று.

சகோதரனின் வியாபாரத்தில் குறுக்கிடலாகாது என்ற நபிமொழி உண்மை. ஆனால் இருவரும் விலையில் ஒத்துப்போன பின்னரே அத்தடை பொருந்தும் என்று ஃபுகஹாக்கள் விளக்கியுள்ளனர். விற்பவர் ஒப்பாத ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, வேறெவரும் கேட்கலாகாது என்று அவ்வீட்டுக்குப் பூட்டுப் போட எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது தவக்குல். பொருந்திக்கொள்ளச் சொன்னவர்கள் அதை ஏன் வாங்குபவரிடம் போய்ச் சொல்லவில்லை? 60 லட்சம் கொடுத்தாலும் அல்லாஹ் பரக்கத் செய்வான் என்று அவருக்கும் எடுத்துரைக்கலாமே. ஏழையிடம் மட்டும் போதிக்கப்படும் தவக்குல் நமக்கு ஐயத்தையே தருகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அவ்வீட்டில் தாயாருக்கு உரியது எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கும் பிள்ளைகளுக்குரியது. 42 லட்சத்துக்குக் கொடுத்தால் 18 லட்சம் குறைகிறது. அதில் தாயார் தம் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கக்கூடியது இரண்டே கால் லட்சம் மட்டுமே. மீதி பதினைந்தே முக்கால் லட்சம் யதீம்களின் பொருள். அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை; விட்டுக்கொடுக்கச் சொல்லப் பெரியவர்களுக்கு அறவே இல்லை. யதீமின் பொருளை மிகச் சிறந்த முறையிலன்றி நெருங்கவும் கூடாது என்று அன்ஆம், இஸ்ராஃ ஆகிய இரு அத்தியாயங்களிலும் அல்லாஹ் தடுத்திருக்கிறான். தேவையோ வெளிப்படையான ஆதாயமோ இருந்தாலன்றி யதீமின் மனை, வீட்டை விற்கலாகாது என்பது ஷாஃபிஈ சட்ட நூல்களின் நிலை.

நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானது. 1918இல் பிரிவி கவுன்சில் அளித்த இமாம்பாந்தி வழக்கின் தீர்ப்பு முதல், முஸ்லிம் தாய் தாமாகவே சிறார்களின் அசையாச் சொத்தை விற்றால் அது செல்லாது என்பதே நிலை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பனைக்கு அனுமதியும் பெற வேண்டும். மலிவாக வாங்க நினைப்பவர் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

ஆகவே அச்சகோதரிக்கு நாம் சொன்னது இதுதான். கோபப்படாதீர்கள், பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். தெருவில் பதிவான கிரயங்களையும் அரசின் வழிகாட்டி மதிப்பையும் பார்த்து, ஒரு பொறியாளரின் மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். "இது யதீம்களின் பங்கு, இவ்விலைக்குக் குறைத்துத் தர எனக்கு அதிகாரமில்லை" என்று உங்கள் தொகையைச் சொல்லிவிடுங்கள். அவர் உயர்த்த விரும்பினால் ஒரு கெடு கொடுங்கள். அவர் அதே விலையைத் தந்தால் அண்டை வீட்டார் என்பதற்காக அவருக்கே முதலிடம் கொடுங்கள். இல்லையேல் வேறெவருக்கும் விற்கலாம். ஆனால் வராத ஆளை வந்ததாகச் சொல்லி விலையேற்றாதீர்கள். அது நபியவர்கள் தடுத்த நஜ்ஷின் இனத்தைச் சேர்ந்தது. சுவரில் ஓதம் ஏறியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) வழியாக வந்த நபிமொழியின் கருத்து.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300க்குப் பேசி முடிக்கப்பட்டது. உங்கள் குதிரை இதைவிடப் பெறும் என்று அவரே விற்பவரிடம் சொல்லிச் சொல்லி விலையை 800 வரை உயர்த்திக் கொடுத்தார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்தவர் அவர். அவ்வளவு உயரத்துக்கு நாம் ஏற வேண்டாம். கணவரை இழந்த பெண்ணின் வாசலில், அவருடைய நெருக்கடியை அளந்து விலை சொல்லாமல் இருந்தாலே போதும்.

பெரியவர்களே, மீண்டும் அவ்வாசலுக்குச் செல்வதாக இருந்தால், நீதிமன்ற மனுவுக்கு ஒரு நல்ல வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். அதுவே அப்பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் உதவி.

யதீம்களின் பொருளில் நம் கைகளை அல்லாஹ் தூய்மையாக வைத்திருப்பானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.