மாக்ரோவுக்கு விளக்கம் யார் எழுதுவது?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கமிஷன் மண்டியை நினைத்துக் கொள்ளுங்கள். பாக்கு, சின்ன வெங்காயம் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸெல் கோப்பு. பட்டனை அழுத்தினால் பட்டியல் தயார். அந்த மாக்ரோவை எழுதிய பையன் படிப்பு முடித்துப் பெங்களூர் போய்விட்டான். உள்ளே ஒரு வரி இருக்கிறது: மூட்டை எடையில் 1 கழி. ஏன் 1? சாக்கின் எடையா, ஈரத்துக்கான கழிவா? கேட்டால் யாருக்கும் தெரியாது. சணல் சாக்குக்காகப் போட்டது என்றால், பிளாஸ்டிக் சாக்கு வந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். நூறு மூட்டைக்கு நூறு கிலோ... விவசாயியின் காசு அது.

இதற்குத்தான் தானாகவே விளக்கம் எழுதும் மென்பொருள் வேண்டும் என்கிறார்கள். யோசனை புதிதல்ல. ஜாவாவுக்கு ஜாவாடாக் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. 1993இல் எக்ஸெல்லுக்குள் நுழைந்த விபிஏ மொழிக்கு மட்டும் அப்படி எதையும் மைக்ரோசாஃப்ட் கூடவே தரவில்லை. ஆனாலும் செய்வது கஷ்டமில்லை. நிரல் வரிகளை இன்னொரு மாக்ரோவே படிக்கலாம் (அதற்கான அனுமதியைப் பாதுகாப்பு அமைப்பில் தனியாகத் திறந்துவிட வேண்டும், வேலை முடிந்ததும் மூடிவிடுவது நல்லது, மாக்ரோ வைரஸுக்கும் அதே வாசல்தான்). எந்த செயல்முறை எதை அழைக்கிறது, எந்தத் தாளில் எழுதுகிறது என்று வரைபடம் போலக் கிடைத்துவிடும். பத்து வருஷம் ஒட்டுப்போட்ட கோப்புக்கு அதுவே பெரிய உதவி.

ஆனால் "ஏன்" கிடைக்காது. ஜேபி மார்கன் வங்கி 2012இல் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அது பற்றி 2013இல் வங்கியே வெளியிட்ட அறிக்கை, அபாயத்தைக் கணக்கிட்ட எக்ஸெல் தாள்களில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்ததாகச் சொல்கிறது. தானியங்கி விளக்கம் இருந்திருந்தால்? "கூட்டுத்தொகையால் வகுக்கிறது" என்று சரியாகவே எழுதியிருக்கும்! இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேல். மண்டி வரியைக் கொடுத்தால் "ஈரக்கழிவு" என்று அடித்துச் சொல்லிவிடும். காலி இடத்தை விட இந்தத் தைரியமான ஊகம்தான் ஆபத்து. காலியாக இருந்தால் யாராவது பையனுக்குப் போன் போட்டாவது கேட்பார்கள்.

சரி, பையனே தமிழில் காரணத்தை எழுதி வைத்திருக்கலாமே? அங்கேதான் வேடிக்கை. விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. தமிழில் குறிப்பு எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்து நிற்கும். எக்ஸெல் கட்டங்களிலோ தமிழ் அழகாக வருகிறது. ஆகவே விளக்கக் கோப்பைத் தனியாக எங்கோ போடாமல், அதே கோப்பில் ஒரு தாளாகப் போடுவதே மேல். என்ன செய்கிறது என்பதை இயந்திரம் நிரப்பட்டும். பக்கத்தில் "ஏன்" என்று ஒரு பத்தியைக் காலியாக விட்டுவிட வேண்டும். அதை நிரப்ப கணக்குப்பிள்ளைக்கு விபிஏ தெரிய வேண்டியதில்லை, சாக்கைப் பற்றித் தெரிந்தால் போதும்.