நிதிநல்கையும் நம் ஆய்வு முன்வரைவுகளும்

தமிழாய்வுக்கு நிதி நல்குவோர் இல்லை என்னும் புலம்பல் நம் துறைகளில் வழிவழியாக ஓதப்படுகிறது. அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. 2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்டபின், 2008 முதல் சென்னையில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் குறுந்திட்டங்களுக்கு நிதி வழங்கியுள்ளது. ‘சங்க இலக்கியத்தில் சமுதாயம்’ எனத் தலைப்பிட்டு, தமிழின் தொன்மையை மூன்று பக்கம் போற்றி, ஆய்வுச் சிக்கலுக்கு மூன்றே வரி ஒதுக்கும் முன்வரைவை எக்குழு ஏற்கும்? அனைத்திந்திய நிறுவனங்களில் அதனை மதிப்பிடுவோர் தமிழறியாதவராகவும் இருக்கக்கூடும். அது முறையோ என்பது வேறு வழக்கு. அவர் தேடுவது ஆய்வு வினாவையே. தஞ்சைச் சரசுவதி மகாலில் எச்சுவடி, எத்தனை ஏடு, முன்பதிப்பில் விடுபட்ட பாடம் யாது, படியெடுக்க எத்தனை நாள் என எழுதின், செலவுப் பட்டியலும் தானே நியாயம் பெறும்.

இதனை இளம் உதவிப் பேராசிரியர்க்கு உணர்த்த வேண்டிய மூத்தோர் செய்வதென்ன? ஒருநாள் பயிலரங்கில் படிவம் நிரப்பக் காட்டிச் சான்றிதழ் வழங்குகின்றனர். சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்புக்கு உதவலாம், திட்டத்துக்கு உதவாது. மூத்தோர் தாம் நிதிபெற்ற முன்வரைவுகளையும், குறிப்பாக மறுக்கப்பட்டவற்றையும், துறை நூலகத்தில் வைக்கட்டும். இளையோர் வரைவை அனுப்புமுன் பிறதுறையார் ஒருவர், வரலாற்றாசிரியரோ பொருளியலாரோ, படித்துக் குறை கூறட்டும்.