பணம் சேரட்டும், பிறகு பறக்கலாம்

எஸ்பிஎம் முடிந்த விடுமுறையில் பேரங்காடியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் என் முதல் பறக்கும் பாடத்தை எடுத்தேன். நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172. சக்கரம் தரையை விட்டதுமே தனியார் விமானி உரிமம், அதாவது பிபிஎல், எடுத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆசையில் தவறில்லை, நான் போன வழிதான் தவறு.

கையில் காசு சேரும்போதெல்லாம் ஒரு மணி நேரம் பறப்பது என்பதே என் திட்டம். மாதம் ஒரு பாடம், சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஏழாவது பாடத்தில் விமானத்தை வேகம் குறைத்து ‘ஸ்டால்’ நிலைக்குக் கொண்டுபோனார் பயிற்றுநர். மூக்கைத் தாழ்த்த வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது. கையோ பயத்தில் பின்னால் இழுக்கிறது. அன்றைய ஒரு மணி நேரமும் ஐந்தாவது பாடத்தைத் திரும்பப் படிப்பதிலேயே போனது. அதற்குக் கொடுத்தது என் ஒரு மாதப் பகுதிநேரச் சம்பளம்.

அனைத்துலகத் தரப்படி பிபிஎல்லுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் என்றால் 35. மணிக்கு 900 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 40 மணி நேரத்துக்கு 36,000. இடைவெளி விட்டு, மறந்து, மறுபடி கற்று 60 மணி நேரம் ஆனால் 54,000. மறதிக்கு மட்டும் 18,000 ரிங்கிட்! அதனால்தான் சொல்கிறேன்: மூன்றில் இரண்டு பங்கு பணமாவது கையில் சேரும்வரை பயிற்சியைத் தொடங்காதீர்கள். ஆசைக்கு ஒரே ஒரு அறிமுகப் பறத்தல் போதும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கான பரிசோதனை. என்னோடு தொடங்கிய ஒருவருக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருப்பது எட்டு மணி நேரம் பறந்த பிறகே தெரிந்தது. அடுத்து வான்சட்டம், வானிலை, வழிகாணல் போன்ற தேர்வுப் பாடங்கள். இவற்றை வீட்டிலேயே படிக்கலாம். விமானி அறையின் படத்தை விடுதிச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பழகுகிறேன். அறைத்தோழன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

சேரும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? இயந்திரம் ஓடும் நேரத்துக்கெல்லாம் கட்டணம் என்றால், ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் நம் காசுதான். பயிற்றுநர் கட்டணமும் எரிபொருளும் அதில் அடங்குமா? பாடம் காலையில் கிடைக்குமா? நம் ஊரில் பிற்பகல் இடிமழை எத்தனையோ பாடங்களைக் கெடுத்துவிடும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் நான் கட்டமாட்டேன்.

அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பிபிஎல் வைத்துக்கொண்டு சம்பளத்துக்குப் பறக்க முடியாது. அதற்கு வர்த்தக விமானி உரிமம் வேண்டும். விமானியாக வேலைக்குப் போக நினைப்பவர் கடன் வாங்கலாமா என்பது வேறு கணக்கு. ஆனால் வருமானம் தராத ஓர் உரிமத்துக்கு அம்மாவின் சங்கிலி வட்டிக்கடையில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏழாவது பாடத்தோடு நிறுத்தியிருக்கிறேன். சேமிப்புக் கணக்கில் இன்னும் பாதிகூடச் சேரவில்லை. வானிலைப் புத்தகத்தை மட்டும் இரண்டு முறை முடித்துவிட்டேன்.