இறப்பர் கவசமும் ஷெல் துண்டும்



இம்மாதம் உங்களோடு ஓர் உடுப்பைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். அது சேலையுமல்ல, பள்ளிக்கூடச் சீருடையுமல்ல. செருப்புக்கு அடி வெட்டுகிற இறப்பர் ஷீட்டில் ஒரு பையன் வீட்டிலிருந்தே செய்த கவசம். "எங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகன் பத்தாம் தரத்தில் படிக்கிறான். அவனுக்கு 'அயன் மேன்' என்ற ஆங்கிலப் படக் கதாபாத்திரத்தின் மேல் பெரும் பித்து. அயன் மேன் சிவப்பும் பொன்னிறமுமான இரும்புக் கவசம் அணிந்து வானில் பறப்பவன். 2015ஆம் ஆண்டு தொடங்கிய 'லங்கா கொமிக் கொன்' என்ற நிகழ்வுக்குக் கொழும்பில் இளம் பிள்ளைகள் இப்படியான கதாபாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு போவார்கள். தானும் போக வேண்டும் என்பது அவனது ஆசை. கடையில் வாங்கும் வசதி இல்லாததால் கடதாசியில் அளவு வெட்டி, இறப்பர் ஷீட்டில் அதை வரைந்து, நான்கு மாதங்களாகத் தானே ஒட்டினான்.

முழுவதையும் அணிந்துகொண்டு முதன்முதலாக மாடிப்படி இறங்கிய அன்றே எல்லாம் குலைந்தது. வலது முழங்கை பிளந்தது. மார்புத் தகடு தோளிலிருந்து கழன்றது. முழங்காலில் பூசிய சிவப்புப் பெயின்ற் செதில் செதிலாக உதிர்ந்தது. "தூக்கிக் குப்பையில போடு, படிக்கிற வழியைப் பார்" என்றார் அக்கா. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு நினைவுக்கு வந்தவர் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் ஓர் அக்கா. வேலை நிமித்தம் சில ஆண்டுகளாக அவரைச் சந்தித்து வருகிறேன். வன்னியிலிருந்து வந்தவர். 2009இல் கணவரை இழந்தவர். இடது தோளுக்குக் கீழே ஒரு ஷெல் துண்டு இன்றும் இருக்கிறது. மகளோடு ஒரு வாடகை அறையில் வாழ்கிறார். பை எந்த இடத்தில் கிழியும் என்பதைப் பார்த்த உடனே சொல்லக்கூடியவர்.

ஆனாலும் எனக்குத் தயக்கம். தலைக்கவசம், மார்புக் கவசம் என்று போர் உடுப்பின் சாயலில் இருக்கும் ஒன்றை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கலாமா? ஒளிக்காமல் தொலைபேசியில் கேட்டேன். "இறப்பர் தானே மிஸ்? கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை மூன்று உரப்பைகளில் கவசத்தைக் கட்டிக்கொண்டு நானும் பையனும் 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அக்கா முதலில் செய்த வேலை, தலைக்கவசத்தை எடுத்து முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தது. "இதுக்குக் கண் இருக்கு. வேலை செய்யேக்க என்னைப் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு மற்றத் துண்டுகளை ஒவ்வொன்றாக உட்பக்கம் புரட்டினார். பை தைப்பவர்கள் உட்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

"தம்பி, முழங்கையில மட்டும் ஏன் மூண்டு பட்டை ஒட்டினனீங்கள்?"

"அங்கதான் அன்ரி கூடுதலா உடையும். பலமா இருக்கட்டும் எண்டு."

"மடங்கிற இடத்தில மொத்தமா வைச்சா மடங்காது. மடங்காட்டி உடையத்தானே செய்யும்?"

அவர் முழங்கைத் துண்டை ஒட்டவே இல்லை. வெட்டி எடுத்துவிட்டார். மேற்கைக்கு ஒரு தகடு, முன்கைக்கு ஒரு தகடு என்று இரண்டாகப் பிரித்து, நடுவே இழுபடும் கறுப்புத் துணியைக் கொடுத்து இணைத்தார். கை மடங்கும்போது துணி மடங்கும், தகடு தன் பாட்டில் இருக்கும். முழங்காலுக்கும் அதே வைத்தியம்தான்.

இந்த வேலையில் நான் பார்த்துப் படித்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். செருப்போ பையோ பிள்ளைகளின் நாடக உடுப்போ திருத்துகிறவர்களுக்கு உதவும். இறப்பர் என்று நாம் சொன்னாலும் இந்த ஷீட் ஈ.வி.ஏ. எனப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக் நுரை. இதை ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் கொன்டாக்ட் கம் ஏற்றது. முதலில் பழைய கம்மைச் சுரண்டி எடுத்து, இடத்தை மண்கடதாசியால் உரோஞ்ச வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அதன் பிறகே இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒட்டியபின் நகர்த்த முடியாது. ஈரத்தோடு அவசரப்பட்டு ஒட்டியதுதான் பையனின் தோள்பட்டை கழன்றதற்குக் காரணம். இந்தக் கம்மின் மணம் தலையைச் சுற்றப் பண்ணும், நெருப்பும் பற்றும். ஆகவே யன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் தூரமாக வைத்து வேலை செய்யுங்கள்.

ஒட்டிய மூட்டின் உட்பக்கத்தில் அக்கா ஒரு துணிப் பட்டையையும் ஒட்டினார். இழுக்கும் பாரத்தைத் துணி தாங்கும். இலாஸ்டிக்கை இந்த ஷீட்டில் நேராகத் தைத்தால் நூல் அதை அறுத்துவிடும். எனவே ஒரு துணித் துண்டில் தைத்து, அந்தத் துணியை ஒட்டினார். பெயின்ற் உதிர்ந்ததற்கும் காரணம் இருந்தது. இந்த நுரையின் மேற்பரப்பு பெயின்றை உறிஞ்சும், வளையவும் செய்யும். முதலில் சூடு காட்டி மேற்பரப்பை மூடச்செய்து, வெள்ளைக் கம்மைத் தண்ணீரில் கரைத்து மூன்று நான்கு தரம் பூசிக் காயவிட்டு, அதற்குமேல் வளையக்கூடிய அக்ரிலிக் பெயின்ற் அடித்தால் நிற்கும்.

கம் காயும் பத்துப் பத்து நிமிடங்களில் பையன் தனக்குத் தெரிந்த கதைகளைச் சொன்னான். அமெரிக்காவில் அல்பின் ஜோன்சன் என்பவர் விபத்தில் ஒரு காலை இழந்தவர். 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வரும் வெள்ளைக் கவசத்தை அணியத் தொடங்கி, 1997இல் தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து '501ஆவது லீஜியன்' என்ற குழுவை அமைத்தார். அந்தக் குழுவினர் இன்று பல நாடுகளில் கவசங்களோடு போய் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளைச் சந்திக்கிறார்கள், தருமக் காரியங்களுக்குப் பணம் சேர்க்கிறார்கள். 2015இல் அயன் மேனாக நடித்த ரொபேர்ட் டவுனி ஜூனியரே நேரில் போய், கை குறைவாகப் பிறந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு அயன் மேன் வடிவிலான செயற்கைக் கையைக் கொடுத்தார். அக்கா ஊசியில் நூல் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்புத் தகட்டுக்கு வந்தபோது அவர் கேட்டார். "நெஞ்சில ஏன் இந்த வட்ட லைற்? கோயில் விளக்கு மாதிரி?"

பையன் உற்சாகமாகத் தொடங்கினான். அயன் மேன் ஒரு ஆயுதக் கம்பனியின் முதலாளி. 1963இல் வந்த சித்திரக்கதையில் வியட்நாமிலும், 2008இல் வந்த படத்தில் ஆப்கானிஸ்தானிலும் அவனுக்குக் காயம் படுகிறது. படத்தில் அவனைக் காயப்படுத்துவது அவனுடைய கம்பனி செய்த குண்டேதான். துண்டுகள் நெஞ்சுக்குள் போய்விடுகின்றன. அவை இருதயத்தைத் தொடாமல் இழுத்துப் பிடிக்க, கூடச் சிறைப்பட்டிருந்த ஒரு வைத்தியர் நெஞ்சில் காந்தம் ஒன்றைப் பொருத்தி அதைக் கார் பற்றரியில் இணைக்கிறார். பிறகு அதற்காகச் செய்ததுதான் அந்த வெளிச்சம். குகைக்குள் கிடைத்த இரும்பை அடித்துத்தான் முதற் கவசத்தைச் செய்கிறான். வைத்தியரோ அவன் தப்புவதற்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார்.

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். எதிரில் இருப்பவர் யாரென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்.

"எனக்கும் ஒண்டு இருக்கு தம்பி. லைற் மட்டும் இல்லை" என்று சொல்லி அக்கா சிரித்தார். பிறகு கேட்டார். "கடைசியில அதை எடுத்தவங்களோ?"

"ஓம் அன்ரி. மூன்றாம் படத்தில. 2013இல வந்தது. ஒப்பரேஷன் செய்து எடுத்திட்டினம். ஆனா அதுக்கு முதல் அவருக்கு நித்திரையே வராது. திடீர் திடீரெண்டு பயம் வந்து நெஞ்சு அடைக்கும்."

"அதைக் காட்டினவங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் தைக்கத் தொடங்கினார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒரு முக்கிய விடயம். படத்தில் காந்தம் உயிரைக் காக்கிறது. உண்மையில் உடம்பில் இரும்புத் துண்டு உள்ளவர்களுக்குப் பலமான காந்தம் ஆபத்தாகலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கும் இயந்திரம் பெரும் காந்தம். அது துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். ஆகவே எந்த ஸ்கானுக்கு எழுதினாலும் "என் உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் கிளினிக் அட்டையையும் எறியாதீர்கள். எடுப்பதில் உள்ள ஆபத்து விட்டுவைப்பதைவிடக் கூடுதல் என்றால் வைத்தியர்கள் துண்டை விட்டுவைப்பார்கள். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் புதிதாக நோவு, வீக்கம், சீழ், விறைப்பு எது வந்தாலும், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், மீண்டும் போய்க் காட்டுங்கள். நித்திரையின்மையும் திடீர்ப் பயமும் அப்படியே. ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்கில் கேளுங்கள். அது வெட்கப்படும் விடயமல்ல.

மூன்றாம் சனிக்கிழமை மேம்படுத்தும் வேலைகள் நடந்தன. தலைக்கவசத்தின் தாடைக்கு அடியில் காற்றுப் போக இரண்டு துளைகள். உள்ளே போன் சார்ஜ் பண்ணும் பவர் பாங்கில் ஓடும் சின்ன மின்விசிறி. கொழும்பு வெக்கையில் இவை இல்லாவிட்டால் பத்து நிமிடம்கூட நிற்க முடியாது. முதுகில் பையன் போட்டிருந்த கயிற்று முடிச்சுகளை அக்கா வெட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பைக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப்புகளை நெஞ்சுப் பக்கமாக வைத்தார்.

"அன்ரி, முன்னுக்கு வைச்சா வடிவில்லை. கழற்றேக்க அம்மா உதவி செய்வா."

"அம்மா பக்கத்தில இல்லாட்டி? ஓட வேண்டி வந்தா? தனியக் கழட்டத் தெரியாத உடுப்பைப் போடக் கூடாது தம்பி."

கடைசி உரப்பையில் பையன் பிளாஸ்டிக் குழாயில் செய்த தோள் ரொக்கெற் இருந்தது. அதையும் பூட்டித் தரச் சொன்னான். அக்கா அதைக் கையில் எடுக்கவில்லை. "உது வேண்டாம். உதை நான் பூட்ட மாட்டன்" என்றார். "பைப் தானே அன்ரி" என்றான் அவன். அவர் வாதாடவில்லை. கவசத்தை மடித்துக் கட்டித் தந்தார். குழாயைத் தனியாக ஒரு சொப்பிங் பாக்கில் போட்டுத் தந்தார். "போட்டுக்கொண்டு போற அண்டைக்கு முகமூடியைப் பையில கொண்டு போங்கோ. தெருவில போடாதேங்கோ" என்றும் சொன்னார். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தம் அந்த அறைக்கும் கேட்டிருந்தது. பையன் திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ஆனால் நிகழ்வுக்குப் போன அன்று தோளில் குழாய் இல்லை. அது வெள்ளவத்தை வீட்டு அலுமாரியின் மேல் இன்றும் கிடக்கிறது.

கூலியாக அக்கா மூன்று பை தைக்கும் காசை மட்டும் வாங்கினார். பிறகு பையனின் நண்பர்கள் இருவர் தங்கள் உடுப்புகளையும் கொண்டுபோனார்கள். இதனால் அவருக்குப் புதிய தொழில் கிடைத்துவிட்டது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். அவருடைய சாப்பாடு இன்னமும் பள்ளிக்கூடப் பைகளில்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். சென்ற ஆண்டு இதே அக்கா ஒரு நாள் என் முன்னால் அழுதபோது, "நீங்கள் இரும்பு மாதிரி இருக்க வேணும். மகளுக்கு முன்னால அழக் கூடாது" என்று சொன்னேன். நல்லதென்று நினைத்தே சொன்னேன். உடையும் என்று தெரிந்த இடத்தில் மேலும் மேலும் பட்டை ஒட்டிய பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

கடைசிச் சனிக்கிழமை அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "அண்டைக்கு நீங்கள் போனாப் பிறகு கதவைச் சாத்திப்போட்டு நானும் பிள்ளையும் சேர்ந்து அழுதனாங்கள் மிஸ். பிறகு இடியப்பம் அவிச்சுச் சாப்பிட்டனாங்கள்" என்றார்.

அடுத்த மாதம் சந்திப்போம், சகோதரிகளே. உங்கள் வீட்டிலும் உடைந்துபோன ஏதேனும் மூலையில் கிடந்தால், எறிவதற்கு முன் ஒரு தடவை உட்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.