கணவருக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு



இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னையில், கணவரைக் கப்பலுக்கோ அரபு நாட்டுக்கோ அனுப்பிவிட்டு இல்லத்தைக் கட்டிக்காக்கும் சகோதரிகள் பலர். "அவர் என்.ஆர்.ஐ. ஆகிவிட்டார், இனி நம் குடும்பத்துக்கு வருமான வரி இல்லை" என்று அவர்கள் நிம்மதி கொள்வதுண்டு. இந்த நிம்மதியில் பாதிதான் உண்மை. வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்குக் குடும்பம் என்று ஒன்று தெரிவதில்லை; கணவர் ஒருவர், மனைவி ஒருவர் என்று தனித்தனியாகவே தெரிகிறது.

அமெரிக்காவில் மாநிலங்கள் பலவும் தனித்தனியே வருமான வரி விதிக்கின்றன. மாற்றலாகிச் செல்லும் இராணுவ வீரர் தம் சொந்த மாநிலத்தவராகவே கருதப்படச் சட்டம் நெடுங்காலமாக இடமளித்தது. உடன் சென்ற மனைவிக்கோ அச்சலுகை 2009இல்தான் கிடைத்தது. கணவரின் மாநிலத்தையே தம் மாநிலமாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை 2018இல் கிடைத்தது. நம் நாட்டில் வேளாண் வருமானம் நீங்கலாக வருமான வரி ஒன்றிய அரசுக்கே உரியது என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மனைவிக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் நாட்டின் எல்லையைக் கடக்கும்போது அதே கேள்வி எழுகிறது. கணவரின் நிலையைத் தம் நிலையாகத் தேர்ந்துகொள்ளும் உரிமையை நம் சட்டம் மனைவிக்கு வழங்கவில்லை.

பொது விதி இதுதான். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் இருந்தால் அவர் இங்கு 'வசிப்பவர்'. அவ்வாண்டில் 60 நாட்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் இருந்தாலும் அவர் வசிப்பவரே. வேலைக்காக வெளிநாடு புறப்படும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கணவரும் மனைவியும் ஆகஸ்டு முதல் தேதி ஒரே விமானத்தில் துபாய் செல்கின்றனர். ஏப்ரலிலிருந்து இருவரும் இங்கிருந்தது 120 நாட்களுக்குச் சற்று அதிகம். வேலைக்குச் சென்ற கணவர் அவ்வாண்டில் 'வசிக்காதவர்' ஆகிறார். துணையாகச் சென்ற மனைவிக்குத் தளர்வு இல்லை. 60 நாட்களைத் தாண்டியதால் அவர் 'வசிப்பவர்'. டிசம்பரில் அங்கு ஆசிரியை வேலை கிடைத்து அவர் பெறும் சம்பளத்தையும், அங்கு தொடங்கிய வங்கிக் கணக்கையும் இந்திய வரிக் கணக்கில் காட்டும் கடமை அவருக்கு எழுகிறது. அடுத்த ஆண்டிலிருந்து விடுப்பில் வந்து செல்கையில் இருவருக்கும் 182 நாள் வரம்பே பொருந்தும். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுவோருக்கு 2020 முதல் விதிகள் கடுமையாக்கப்பட்டுள்ளன; அவர்கள் தணிக்கையாளரைக் கலந்துகொள்வது நலம்.

இனிக் கடலோடிகளின் குடும்பம். 2015இல் வந்த விதியின்படி, வெளிநாட்டுப் பயணத்தில் சி.டி.சி. புத்தகத்தில் பதிவான கப்பல் ஏறிய நாள் முதல் இறங்கிய நாள் வரையிலான காலம் இந்தியாவில் இருந்த நாட்களில் சேராது. ஆனால் பாரதீப்பில் நிலக்கரி ஏற்றி எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இறக்கும் கப்பலும் கடலில்தான் ஓடுகிறது. அது இந்தியத் துறைமுகங்களுக்கு இடையிலான பயணம் என்பதால் இச்சலுகை அதற்கில்லை. எனவே "எத்தனை மாதம் கப்பலில் இருந்தார்" என்பதோடு "எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்கு" என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வசிக்காதவரான கடலோடி வெளிநாட்டுப் பயணக் கப்பலில் ஈட்டிய சம்பளம், இங்குள்ள என்.ஆர்.இ. கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற காரணத்தினாலேயே வரிக்கு உட்படாது என்று 2017 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது.

கணவர் அனுப்பும் பணத்துக்கு மனைவி வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அப்பணத்தை முதலீடு செய்து வரும் வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். கணவர் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய வீட்டின் வாடகைக்கும் இதுவே விதி. இதில் ஒரு நுட்பம் உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி, இங்கு வசிப்பவருக்குச் சாதாரண வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லாமல் போகிறது. வசிக்காதவருக்கு அத்தள்ளுபடி இல்லை. 4 லட்சத்துக்கு மேல் வரி உண்டு. வீடு கணவர் பெயரிலேயே இருந்தால், வாடகைதாரர் 31.2 விழுக்காடு வரி பிடித்தம் செய்து செலுத்த வேண்டும். அதிகமாகப் பிடித்ததைக் கணவர் பெயரில் வரிக் கணக்கு அளித்துத் திரும்பப் பெறலாம்.

வட்டி நமக்கு ஆகாது. எனினும் நாம் கேளாமலேயே கணக்கில் வந்து சேரும் வட்டியையும் வரித்துறை வருமானமாகவே எண்ணும் என்பதை மறந்துவிடலாகாது.

வங்கி விஷயத்தில் மூன்று செய்திகள். வேலைக்காக வெளிநாடு சென்றவரின் பழைய சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும், ஏ.டி.எம். அட்டை உங்கள் கையில் இருப்பதால் பழைய கணக்கே தொடரலாம் என்று எண்ணாதீர்கள். கணவரின் என்.ஆர்.இ. கணக்கில் இங்கு வசிக்கும் மனைவியும் பங்குதாரராகச் சேரலாம். ஆனால் கணவர் உயிரோடு இருக்கும்வரை அதிகாரப் பத்திரத்தின் பேரில் மட்டுமே இயக்க முடியும். மஹரும், தாய்வீட்டுச் சொத்தும், தையலிலோ ஆசிரியைப் பணியிலோ ஈட்டியதும் உங்கள் சொந்தம்; அவற்றுக்கு உங்கள் பெயரில் தனிக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவர் பணத்தோடு கலந்துவிட்டால், எது யாருடையது என்று பின்னர் வரித்துறைக்கும் வாரிசுகளுக்கும் விளக்குவது கடினம்.

ஆண்கள் தேடியது ஆண்களுக்கு, பெண்கள் தேடியது பெண்களுக்கு என்ற நெறி நமக்குப் புதிதன்று; திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் அதை அன்றே உணர்த்திவிட்டது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனமே திருமறையில் மிக நீண்ட வசனம் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு பக்கத்தில் கணவர் வந்த நாள், சென்ற நாள்; மறுபக்கத்தில் நீங்கள் சென்ற நாள், வந்த நாள். கடவுச்சீட்டு, சி.டி.சி. ஆகியவற்றின் முத்திரைப் பக்கங்களை நகலெடுத்து அதனோடு சேர்த்து வையுங்கள். மார்ச் பிறக்குமுன் இரு பக்கங்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். ஊர் திரும்பும் நாளைச் சில நாட்கள் தள்ளிப்போட வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஏப்ரலில் தெரிந்து பயனில்லை.

சபர் சென்றவர்கள் நலமுடன் திரும்பவும், அவர்கள் விட்டுச்சென்ற அமானிதத்தைக் குறைவின்றிக் காக்கவும் அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.