கண்ணாடியிலிருந்து காணாமல் போன வரி வில்லை

நீங்கள் லண்டனிலோ, சிங்கப்பூரிலோ, கோலாலம்பூரிலோ வளர்ந்தவர் என்றால், அப்பாவின் கார் முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன வட்ட வரி வில்லை நினைவிருக்கும். டொராண்டோ என்றால் நம்பர் பிளேட் மூலையில் ஒரு ஸ்டிக்கர். உங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பிரிட்டனில் 1921-இல் வந்த வில்லை 2014 அக்டோபர் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. சிங்கப்பூரில் 2017 பிப்ரவரியிலிருந்து ஒட்ட வேண்டாம் என்றார்கள். ஒண்டாரியோவில் 2022 மார்ச்சில் ஸ்டிக்கரையும் அதற்கான கட்டணத்தையும் சேர்த்தே எடுத்தார்கள். மலேசியா 2023 பிப்ரவரியில் டிஜிட்டலுக்கு மாறியது.

நான் இருக்கும் ராஸ் லஃபானிலும் விஷயம் ஃபோனுக்குள்தான். கத்தாரில் வண்டிப் பதிவு அட்டைக்கு இஸ்திமாரா என்று பெயர். வண்டி கொஞ்சம் பழசானால் ஃபாஹெஸில் பரிசோதனை, இன்ஷூரன்ஸ், பாக்கி அபராதம் எல்லாம் முடித்துவிட்டு மெட்ராஷ் ஆப்பில் புதுப்பித்தால் வேலை முடிந்தது. சாஃப்ட்வேர்காரன் கண்ணுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய காகிதம், எங்கோ ஒரு டேட்டாபேஸில் இருக்கும் ஒரு வரியின் நகல்தான். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து அசலையே பார்த்துவிடும்போது நகல் எதற்கு?

ஆனால் அந்தக் காகிதம் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. தினமும் வண்டியில் ஏறும்போது தேதி கண்ணில் படும். வில்லை போனபின் பிரிட்டனில் என்ன ஆயிற்று தெரியுமா? 2013-இல் 0.6 சதவீதமாக இருந்த வரி கட்டாத வண்டிகள், 2017-இல் 1.8 சதவீதம் ஆயின. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, மறந்தவர்களும் உண்டு. ஒண்டாரியோவிலும் இதே கதை. கட்டணம் இல்லாவிட்டாலும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே பலருக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் 2024 ஜூலையிலிருந்து, அபராத பாக்கி இல்லாதவர்களுக்குத் தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாடு வந்தது. நினைவூட்டும் காகிதத்தை எடுத்தால், நினைவு வைத்துக்கொள்ளும் வேலையையும் அரசே ஏற்க வேண்டும். அதுதான் முறை.

பிரிட்டனில் இன்னொரு சங்கடம். பழைய கார் வாங்கினால் அதோடு வரியும் வரும் என்பது அந்தக் காலம். இப்போது விற்றவருக்கு மிச்சமுள்ள முழு மாதங்களுக்கு மட்டும் பணம் திரும்பும். வாங்கியவர் அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே கட்ட வேண்டும். நடு மாதத்தில் கை மாறினால் ஒரே காருக்கு ஒரே மாதத்துக்கு இரண்டு பேர் வரி! கம்ப்யூட்டரில் நாள் கணக்குப் போடுவது பெரிய வித்தையா என்ன?

நியாயம் என்று பேச்சு வந்தால் நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் காருக்கு ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் உயர்த்தியபின், 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதம். நம்மில் பலர் அம்மா அப்பாவுக்காக ஊரில் ஒரு கார் வாங்கி வைக்கிறோம். 12 லட்ச ரூபாய் கார் என்றால் வரி 2,16,000 ரூபாய். கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால், 15 வருஷத்தில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 80 காசு. அதே காரைப் பக்கத்து வீட்டுக்காரர் வருஷம் 20,000 கிலோமீட்டர் ஓட்டினால், அவருக்கு 72 காசு. ரோட்டைத் தேய்ப்பவர் யார், கட்டுபவர் யார்?

"அதான் பெட்ரோல்ல வரி வாங்குறாங்களே" என்பீர்கள். சரிதான், ஓடினால் ஓடிய அளவுக்கு அதில் வரி போகிறது. எலெக்ட்ரிக் கார் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. அதனால்தான் நியூசிலாந்து 2024 ஏப்ரலிலிருந்து எலெக்ட்ரிக் கார்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் வாங்குகிறது. பிரிட்டனும் 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் என்று அறிவித்திருக்கிறது.

'ஓட்டுறவன் குடுக்கட்டும்' என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோஹாவிலிருந்து ராஸ் லஃபான் சுமார் 80 கிலோமீட்டர். தினமும் அவ்வளவு தூரம் ஓட்டுபவர் ஆசைக்கு ஓட்டுவதில்லை. பிள்ளைகளின் ஸ்கூல், வாடகை, மனைவியின் வேலை எல்லாம் அங்கே இருக்கிறது. எந்த ஊரிலும் நகரத்துக்குள் வாடகை கட்ட முடியாமல் தள்ளிப் போய்க் குடியேறியவர்தான் அதிகம் ஓட்டுகிறார். வெறும் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் அவர் தலையில்தான் விழும். ஆகவே வண்டியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பஸ் இல்லாத ஊர்க்காரருக்குச் சலுகை வேண்டும். தூரத்தை அளக்க ஓடோமீட்டர் போதும். நாம் எங்கே போனோம் என்று செயற்கைக்கோள் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. ஒரு எண் போதும் என்கிற இடத்தில் முழுப் பயணத்தையும் சேமித்து வைப்பது, என் தொழிலில் மோசமான வடிவமைப்பு.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ஊரில் இருக்கும் காரின் ஆர்.சி.யில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று இந்த வார இறுதியில் அப்பாவிடம் கேளுங்கள். நாம் வெளிநாடு வந்ததும் கைவிட்ட பழைய நம்பராக இருந்தால், அபராதச் செய்தியோ நினைவூட்டலோ யாருக்கும் போய்ச் சேராது. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பதிவு முடியும் தேதி மூன்றையும் உங்கள் ஃபோன் காலண்டரில் போட்டு வையுங்கள். அப்பாவுக்கு ஆப் பழக்கமில்லை என்றால், ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி கார் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.